இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது

புழுக்கம் தாங்காமல் ஒரு பள்ளிக்கூடத்தின் சுவரைத் தொலைத்தவன் நான். சுவர் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. அது எங்கே நிற்கிறது என்ற கணக்கைத்தான் தொலைத்தேன்.

காலை ஒன்பதரை மணி. எங்கள் அலுவலகம் என்பது ஒரு மாடியறை, இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கும் பொந்துகள் இரண்டு. ஒன்றில் பென் டிரைவைச் செருகியிருந்தேன், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க்கை. அக்கா அளந்து கொண்டுவந்த கணக்கு பென் டிரைவில் இருந்தது. அதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியது என் வேலை. மாற்றினேன். பச்சைப் பட்டை ஓடி முடிந்து மறைந்தது. சரி, டிஸ்க்கை முறைப்படி கழற்றுவோம் என்று திரையின் மூலையில் இருந்த குட்டிப் படத்தை அழுத்தினேன்.

'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது. இதைப் பயன்படுத்தும் நிரல்களை மூடிவிட்டு மீண்டும் முயலவும்.'

யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லவில்லை. அறையில் நான் ஒருவன்தான். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். போகிற போக்கில் தண்ணீர் பாட்டிலையும் மூடினேன். மறுபடி அழுத்தினேன். பயன்பாட்டில் உள்ளது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து கூரையைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். பயன்பாட்டில் உள்ளது. என் இடது கையில் ஒரு விசிறி இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் சுற்றுகிற உள்ளங்கை அளவு விசிறி. முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. மூன்று தடவை மரியாதையாகக் கேட்டாயிற்று, அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான் என்று டிஸ்க்கைப் புடுங்கிவிட்டு விசிறியைச் செருகினேன்.

காற்று நன்றாகத்தான் வந்தது.

ஐந்து நிமிடம் கழித்து விசிறியை எடுத்துவிட்டு டிஸ்க்கைத் திரும்பச் செருகினால், 'பயன்படுத்தும் முன் இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யவா?' என்று கேட்டது. நேற்றுவரை எங்கள் ஐந்து வருட வேலையைச் சுமந்த டிஸ்க், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல் பேசியது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, விசிறியையே மறுபடி செருகினேன். பென் டிரைவைத் திறந்தேன். காலி. நகலெடுக்காமல் வெட்டி ஒட்டியிருந்தேன். அது என் சோம்பேறித்தனம் இல்லை, எங்கள் அலுவலகச் சட்டம். ஒரு அளவு ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது பழையதை எடுத்து வரைந்துவிடுவோம். அப்படி வரைந்துதான் ஒருமுறை ஒருவருடைய சமையலறைக்குள் சாக்கடையைக் கொண்டுபோய் விட்டோம். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது. பென் டிரைவாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டை அதில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. கேட்டுப் பார்த்தேன். பாடியது.

அக்கா படியேறி வரும் சத்தம் கேட்டது. என்னைவிட ஏழு வயது மூத்தவள். சர்வேயர். இருபது வருடம் ஒரு பெரிய சர்வேயரிடம் வேலை பார்த்தாள். அளப்பது இவள், கடைசி ஐந்து வருடம் வரைவது நான், கையெழுத்து அவர். போன வருடம்தான் சொந்த உரிமம் வாங்கினாள். அவள் பெயரில், அவள் கையெழுத்தில் போகப்போகிற முதல் வேலை இந்தச் சுவர்.

பள்ளிக்கூடத்து மைதானத்துக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே நூற்றெண்பது மீட்டர் பழைய சுவர். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பக்கத்து மனையில் கிடங்கு கட்டுகிறவர், தன் செலவில் இடித்துவிட்டு அதே கோட்டில் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். அதே கோடு என்பதில்தான் விஷயம். அது நேர்ச்சுவர் இல்லை. கட்டியவர் எதையோ யோசித்துக்கொண்டே கட்டியதுபோல் அங்கங்கே நெளிந்து, வாலிபால் கோர்ட்டுக்குப் பக்கத்தில் முழங்கைபோல் மடங்கிப் போகும். டேப்பை நீட்டி அளந்துவிடலாம் என்கிற சுவர் அல்ல. அதை அறுபத்து மூன்று புள்ளிகளாக அக்கா அளந்தாள். முந்தாநாள் ஒருமுறை அளந்தாள். கருவியை வைத்த முக்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, நேற்று எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தாள். இன்று மதியத்துக்குள் சுவர் போய்விடும், அஸ்திவாரத்தோடு. அதற்குப் பிறகு அந்தச் சுவர் எங்கே நின்றது என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அக்காவின் கணக்குதான். அது இல்லாவிட்டால் கிடங்குக்காரர் காட்டும் இடம்தான் கோடு.

அளவைக் கருவியிலேயே இருக்காதா என்று கேட்பீர்கள். கருவி வாடகைக்கு எடுத்தது. நினைவகத்தைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு, நானே துடைத்து, நானே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது வேறொரு குழுவோடு எங்கோ ஒரு மலைச்சரிவில். நாளைக் காலைதான் திரும்பும்.

"என்னடா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"புழுக்கமா இருக்குக்கா."

"அதான் விசிறி சுத்துதே."

"அதான் பிரச்சினை," என்றேன்.

சொன்னேன். பாட்டை மட்டும் சொல்லவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

அக்காவின் 'ம்' ஏழெட்டு வகை. அவளுக்கு முடியாது என்று சொல்ல வராது, அதனால் எல்லாவற்றையும் அந்த ஓர் எழுத்துக்குள் அடைத்துவிடுவாள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் ஏணியைக் கேட்டபோது அப்படித்தான் 'ம்' என்றாள். மூன்று வருடமாக அவர்தான் அதில் ஏறி இறங்குகிறார். இந்த 'ம்' எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கோவமாக்கா?"

"பரவால்ல, விடு. பாக்கலாம்கிட்ட போலாம் வா."

பாக்கலாம் என்பது ஓர் ஆளின் பெயர். அதாவது, அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. இறந்துபோன கம்ப்யூட்டர்களையும் போன்களையும் எழுப்புகிறவர். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "பாக்கலாம்" என்பார். கடைக்கு மேலே போர்டு கிடையாது, அந்த ஒரு சொல்லே போதும்.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அக்கா பின்னால் உட்கார்ந்து டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. புல்டோசர்காரர்.

"தம்பி, நான் ஸ்பாட்டுக்கு வந்துட்டேன். சுவர எடுத்துடவா?"

"ஒரு அஞ்சு நிமிஷம்ணே."

"அஞ்சு நிமிஷம்னா கடிகாரத்து அஞ்சா, உங்க வீட்டு அஞ்சா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்ணே."

"கோடு எடுத்தாச்சுன்னு அக்கா கையெழுத்துப் போடற பேப்பரைக்கூட அப்புறமா குடுங்க. அக்கா சரின்னுட்டாங்கன்னு நீங்க வாயால சொன்னாப் போதும். ஒரு மணிக்கு நான் கிளம்பணும். இன்னிக்கு விட்டா அடுத்த பத்து நாளைக்கு வண்டி கெடையாது, கெடங்குக்காரர் இப்பவே குதிக்கிறாரு."

"சொல்றேன்ணே." சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். "திட்டிடேன்க்கா. ரெண்டு அறை வேணாலும் குடு. வண்டிய ஓரமா நிறுத்தறேன்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"அம்மாவா இருந்தா இந்நேரம்..."

"நேத்து ஹெட்மிஸ்ட்ரஸ் என்கூடவே அந்தச் சுவரோரமா நடந்தாங்க," என்றாள் அக்கா, எனக்குப் பதில் சொல்லாமல். "அந்த முழங்கை இருக்கு இல்ல, அங்க நின்னு, 'இடிச்சப்புறம் இந்த எடத்த யாராவது நேராக்கிட மாட்டாங்களே'ன்னு கேட்டாங்க. நேராக்கினா கோர்ட்டுல பாதி போயிடும். நான், 'கவலைப்படாதீங்க, கோடு என்கிட்ட இருக்கு'ன்னேன். அப்புறந்தான் சம்மதிச்சாங்க."

மீதித் தூரத்தை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். எனக்கு அது சாதாரண விஷயமில்லை.

பாக்கலாம் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருந்தார். அவர் மேசையில் வயிறு திறந்து கிடந்த நான்கு லேப்டாப்களை ஒதுக்கி இடம் பண்ணினார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"பட்டை முழுசா ஓடி முடிஞ்சுது சார்," என்றேன். "நூறு சதவீதம். என் கண்ணால பாத்தேன்."

"ஓடி முடிஞ்சா எழுதி முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. கம்ப்யூட்டர் வாங்கி மடியில வச்சுக்கும். உங்களுக்கு 'ஆச்சு'ன்னு சொல்லிடும். அப்புறம் தனக்கு நேரம் கெடைக்கறப்ப டிஸ்க்குல இறக்கும். கடைசிப் பக்கத்தையும் இறக்கி, பொருளடக்கத்தையும் மூடினப்புறந்தான் 'இப்போ எடுத்துக்கலாம்'னு சொல்லும். அந்த ஒரு வார்த்தைய மட்டுந்தான் நம்பணும்."

"அந்த வார்த்தையத்தான் அது சொல்லவே மாட்டேங்குது சார். மூணு தடவ கேட்டேன்."

"மூணு தடவையும் என்ன சொல்லுச்சு?"

"பயன்பாட்டில் உள்ளதுன்னு."

"அப்படின்னா இப்ப எடுக்காதேன்னு அர்த்தம்."

"ஏன்னு சொல்லலயே."

"ஏன்னு சொல்லலன்னா புடுங்கிடலாமா?" என்றார் பாக்கலாம். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போல் கேட்டார். அதனால் இன்னும் வலித்தது.

அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"டிஸ்க்குக்கு ரெண்டு நாளாவது ஆகும்," என்றார் அவர். "பொருளடக்கமே கிழிஞ்சிருக்கு. பென் டிரைவைக் குடுங்க. அதுலேர்ந்து வெட்டினா, பேரத்தான் அடிச்சிருக்கும், எழுத்து அப்படியே உள்ள கெடக்கும். மேல வேற எதையும் எழுதாத வரைக்கும் பயமில்ல. அதுக்கப்புறம் இதுல எதையாவது போட்டீங்களா?"

கடையில் ஒரு பழைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன்.

"ஒரு பாட்டு," என்றேன்.

"பாட்டா?"

"டிரைவ் வேல செய்யுதான்னு பாக்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன பாட்டுடா?"

"சோகப் பாட்டுதான்க்கா."

பாக்கலாம் பென் டிரைவைச் செருகினார். திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஒரு சதவீதம். நான் வாசலுக்குப் போனேன். கீழே சாவி செய்கிறவர் ஒரு பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். மூன்று சதவீதம். தண்ணீர் குடித்தேன். அங்கிருந்த காலண்டரைப் படித்தேன். போன வருடத்துக் காலண்டர். அதையும் முழுசாகப் படித்தேன்.

"கெடைச்சிடுமா சார்?"

"பாக்கலாம்."

"ஒரு தோராயமா?"

"அதான் பாக்கறேனே."

பதினொன்றரைக்குப் புல்டோசர்காரர் கூப்பிட்டார். "தம்பி, நான் டீ குடிச்சாச்சு. ரெண்டாவது டீயும் குடிச்சாச்சு. மூணாவது குடிச்சா தூக்கம் வராது. என்ன பண்ணட்டும்?"

"ஓடிட்டிருக்குண்ணே."

"என்ன ஓடுது? இங்க எதுவும் ஓடலயே."

பன்னிரண்டுக்கும் கூப்பிட்டார். என்ஜினைப் போட்டுவிட்டே பேசினார். அந்த உறுமல் போன் வழியாக வந்து என் விலா எலும்பில் உட்கார்ந்தது. நாற்பத்தொரு சதவீதம். கால் மாற்றி நின்றேன். நகத்தைக் கடித்தேன், கடிக்க நகம் இல்லாததால் விரலைக் கடித்தேன். அக்கா மட்டும் ஒரே இடத்தில், பையை மடியில் வைத்து, முழங்கால்களைச் சேர்த்து, தேர்வு எழுத வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை நான் அவள் பக்கத்தில் போய் நின்று, "என்ன நினைக்கிறக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா."

"வேலைய விட்டு என்னை அனுப்பிடுவியா?"

"போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா."

இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம், சாப்பிடச் சொல்லுவோம்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பாக்கலாம் நாற்காலியை முன்னால் இழுத்தார். "வந்திருக்கு," என்றார்.

பாய்ந்து போனேன். திரையில் வரிசை வரிசையாக எண்கள். எனக்குத் தெரிந்த எண்கள், எங்கள் கருவி எழுதுகிற அதே பாணியில். கடைசி வரிக்குப் போனேன். அறுபத்து மூன்று. ஒன்று குறையவில்லை. பாக்கலாமின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் மூக்கிலிருந்து கண்ணாடி நழுவி விழுந்தது. "சார், இனிமே உங்கள யாரும் பாக்கலாம்னு கூப்பிட மாட்டாங்க, பாத்துட்டார்னுதான் கூப்பிடுவாங்க," என்று ஏதோ உளறினேன். மூன்று மணி நேரமாகக் காலுக்கடியில் இல்லாமலிருந்த தரை திரும்பி வந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். முப்பதாவது வரியில், அந்த முழங்கை மடங்கும் புள்ளியில், நின்றாள். மேலே போனாள். மறுபடி முப்பதுக்கு வந்தாள்.

"எல்லாம் இருக்கு இல்ல மேடம்?" என்றார் பாக்கலாம்.

"இருக்கு," என்றாள் அக்கா. "மொத நாள் அளந்ததுலயும் அறுபத்து மூணுதான் இருந்துது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முந்தாநாள் அளந்த கணக்கையும் அவள் இதே பென் டிரைவில்தான் கொண்டுவந்திருந்தாள். சந்தேகம் வந்ததும் அதை அழித்துவிட்டு, நேற்று அளந்ததை அதே பெயரில் ஏற்றினாள். ஒரு அளவு ஒரே இடத்தில், ஒரே பெயரில். எங்கள் சட்டம். ஆகவே அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்குள் அழிந்துபோன கணக்குகள் இரண்டு கிடந்தன. ஒன்றின்மேல் என் பாட்டு போய் உட்கார்ந்துவிட்டது. திரையில் இருப்பது மிஞ்சிய மற்றொன்று.

"இது எந்தத் தேதியில எழுதினதுன்னு தெரியுமா சார்?" என்றாள் அக்கா.

"தேதி பேரோட போயிடும் மேடம். ஆனா பெரும்பாலும் கடைசியா எழுதினதுதான் மிஞ்சும்."

"பெரும்பாலும்னா?"

"ஒரு தொண்ணூறு சதவீதம்னு வச்சுக்குங்களேன்."

"மிச்சம் பத்து?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அதான் பாக்கணும்," என்றார்.

"ரெண்டுக்கும் எவ்வளவுக்கா வித்தியாசம்?" என்றேன்.

"மத்த எடத்துல விரல் அகலம். அந்த முழங்கைகிட்ட ரெண்டடி வரைக்கும் வரலாம்."

"எண்ணப் பாத்து உனக்கே தெரியாதா? நீதானே அளந்த?"

"நேத்து அந்த எண்ணெல்லாம் எனக்கு வெறும் எண்ணுடா. ஞாபகம் வச்சுக்கல. கணக்கு பத்திரமா இருக்குன்னு நினைச்சேன்."

போன் அடித்தது. எடுத்தேன். உறுமல். "தம்பி, பத்து நிமிஷம் இருக்கு. எடுக்கவா, வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்ணே," என்று போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன். தொண்ணூறு சதவீதம். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தொண்ணூறு வாங்கியதில்லை. அது எவ்வளவு பெரிய எண் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரே ஒரு 'ம்' போதும். அவள் 'ம்' என்றால் நான் சரி என்பேன், சுவர் விழும், கிடங்குக்காரர் அடங்குவார், முதல் வேலை முடியும். யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த 'ம்' வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அந்த ஆசையோடு நின்றுகொண்டிருப்பது எனக்கே சகிக்கவில்லை.

"அக்கா," என்றேன். "சாப்பிட்டுட்டு வான்னு சொல்லாத. விடுன்னு சொல்லாத. இது நேத்து அளந்த கணக்கா இல்லையா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பையை மூடினாள். 

"எனக்குத் தெரியாதுடா. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கு இடிக்கக் கூடாதுன்னு சொல்லு. ஏன்னு கேப்பாரு. என் தம்பி டிஸ்க்கப் புடுங்கிட்டான், நாளைக்கு நான் மறுபடி அளக்கணும்னு அப்படியே சொல்லு."